வளர்த்த கத்தி மீனைக் கால்வாயில் விடலாமா?

வெள்ளவத்தை அம்மா
சனி, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று இரவாக நித்திரை கெட்டு யோசித்தும் முடிவு கிடைக்காததால் இங்கே கேட்கிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் மகனின் பிறந்தநாளுக்கு ஒரு கத்தி மீன் குஞ்சு வாங்கினோம். அப்போது அது என் சுண்டுவிரல் நீளம்தான். வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள் இருந்தன. வளர வளரக் கோடுகள் அழிந்து, வயிற்றுப் பக்கம் நீளமாக ஓடும் செட்டைக்கு மேலே வெள்ளை வளையம் போட்ட கறுப்புப் பொட்டுகள் வரிசையாக வந்தன. மகன் எண்ணி வைத்திருக்கிறான்: இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் ஏழு. இன்று அது என் முழங்கை முதல் விரல் நுனி வரை நீளம். நான்கு அடித் தொட்டியில் திரும்புவதற்கே உடம்பை வளைக்க வேண்டியிருக்கிறது. கூட இருந்த சிறு மீன்களை எல்லாம் இரவிரவாகத் தின்று தீர்த்துவிட்டது.

அடுத்த மாதம் சிறிய தொடர்மாடி வீடொன்றுக்கு மாறுகிறோம். அங்கே தொட்டிக்கு இடமில்லை. வாங்கிய கடையில் கேட்டேன். பெரிய மீனைத் திரும்ப எடுப்பதில்லை, கால்வாயில் விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். மாமியும் அதையே சொல்கிறார். "வளர்த்த உயிரைக் கொல்லக் கூடாது பிள்ளை, தண்ணீரில் விட்டால் புண்ணியம்" என்கிறார். கால்வாய் ஐந்து நிமிட நடை. வாளியும் எடுத்து வைத்தாயிற்று. மனம்தான் ஒப்பவில்லை. விடலாமா?

களனிக்கரை
சனி, காலை 8.05

விடாதீர்கள் அக்கா.

பிழைத்துக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னது உண்மை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இந்த மீனின் சொந்த இடம் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் பக்கத்து ஆறுகள். இலங்கைக்குத் தொட்டி மீனாகத்தான் வந்தது. இன்று பொல்கொடை ஏரியிலும் தியவன்னாவிலும் கொழும்பைச் சுற்றிய சதுப்பு நிலங்களிலும் குஞ்சு பொரித்துப் பெருகி நிற்கிறது. யாரும் ஒரு லொறி நிறையக் கொண்டுவந்து கொட்டவில்லை. உங்களைப் போலக் கொல்ல மனமில்லாத நல்லவர்கள், ஆளுக்கொரு வாளி கொண்டுபோய் விட்டதுதான்.

பொல்கொடைத் தூண்டில்
சனி, காலை 9.20

நான் மொரட்டுவைக்காரன். பதினைந்து வருடமாகப் பொல்கொடையில் தூண்டில் போடுகிறேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

கத்தி மீன் பகலில் வேருக்குள்ளும் பாலத்துக்கு அடியிலும் ஒதுங்கிக் கிடக்கும். பொழுது சாயத் தொடங்கியதும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். ஒருவர் வாயால் "ப்ளக்" என்று ஒலி எழுப்புவதைப் போல இருக்கும். காற்றைக் குடிக்கக்கூடிய மீன் என்பதால் அழுக்குத் தண்ணீர், ஒட்சிசன் குறைந்த தண்ணீர் எதுவும் அதைக் கொல்லாது. கால்வாயில் மற்ற மீன்கள் மூச்சடைத்து மிதக்கும் நாளிலும் இது நன்றாக இருக்கும். முட்டை இட்டால் ஆண் மீன் காவல் நிற்கும். இரண்டரைக் கிலோ மீனொன்றைப் போன மாதம் அறுத்தேன். குடலுக்குள் ஆறு இறால், பாதி செரித்த கெண்டைக் குஞ்சுகள், அடையாளம் தெரியாத வேறு இரண்டு சின்ன மீன்கள். அது ஒரு மீனின் ஒரு நாள் சாப்பாடு.

தெதுறு ஓயா நீர்த்தேக்கத்திலும் இதே கதை. அங்கே வெளிநாட்டுப் பெரிய விரால் பெருகி, மீனவர்களின் வலையில் விழ வேண்டியதைத் தான் தின்றுகொண்டிருக்கிறது. அதுவும் அலங்கார மீனாக வந்திருக்க வேண்டும் என்றுதான் கருதுகிறார்கள்.

என்னிடம் பிடிபடும் கத்தி மீன் எதையும் திரும்பத் தண்ணீரில் விடுவதில்லை. முள் அதிகம். தோலை உரித்து, கரண்டியால் சதையை வழித்தெடுத்து, மிளகும் வெங்காயமும் சேர்த்துக் கட்லட் போடுவோம்.

கேள்விக்காரன்
சனி, காலை 10.10

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தை நான் கேட்கிறேன். மிளகாய் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. பப்பாசி, கொய்யா, மரவள்ளி, கச்சான், தக்காளி எல்லாம் அப்படியே. மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துக் கறித்தூளை நினைத்துப் பாருங்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டபோது அது எந்த ஊர்ச் செடி? இறப்பர் எந்த ஊர் மரம்? 1952இல் கொண்டுவரத் தொடங்கிய திலாப்பியாதான் இன்றைக்குக் குளத்து மீன் சாப்பிடுகிற குடும்பங்களின் சட்டியில் இருக்கிறது. வன்னியில் அதை "ஜப்பான் மீன்" என்று சொல்லியே தலைமுறை வளர்ந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்தது எல்லாம் கெட்டது என்றால் நம் சாப்பாட்டுத் தட்டில் சோறும் கத்தரிக்காயும்தான் மிஞ்சும். ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கிற மீனில் இன்னும் ஒன்றைச் சேர்ப்பதால் என்ன வந்துவிடப் போகிறது?

விலங்கியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை
சனி, மதியம் 1.30

கேள்விக்காரன் தம்பி, கேட்டது நியாயமான கேள்வி. முப்பத்தோரு வருடம் பாடசாலையில் இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பொறுமையாக எழுதுகிறேன்.

அந்நிய இனம் வேறு, ஆக்கிரமிப்பு இனம் வேறு. மிளகாய் நாம் நட்ட பாத்தியை விட்டு வெளியே போவதில்லை. களை பிடுங்கித் தண்ணீர் ஊற்றாவிட்டால் செத்துப்போகும். வெளியே போய், யாருடைய கையும் படாமல் தானே பெருகி, அங்கே இருந்ததைத் தள்ளிவிடுகிறதே, அதைத்தான் ஆக்கிரமிப்பு இனம் என்கிறோம். திலாப்பியாவைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. நம் குளங்கள் மனிதர் கட்டியவை. நம் சொந்த மீன்கள் பெரும்பாலும் ஓடும் தண்ணீருக்குப் பழகியவை. அதனால் குளத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய வெற்றிடமாக இருந்தது, திலாப்பியா அதில் அமர்ந்தது என்பார்கள். அதே திலாப்பியா வேறு நாடுகளில் பெரும் சேதம் செய்திருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றையும் அது போய்ச் சேர்ந்த இடத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கொழும்பிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சல்வீனியா என்ற மிதக்கும் பன்னம் இருக்கிறது அல்லவா? 1939இல் இங்கே பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பிரிவு படிப்புக்காகத் தருவித்தது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மாணவர்கள் பார்த்துப் படிக்க ஒரு செடி, அவ்வளவுதான். அது தொட்டியை விட்டு வெளியேறி வாய்க்கால்களுக்கும் வயல்களுக்கும் குளங்களுக்கும் போனது. அதற்கு விதையே தேவையில்லை. ஒரு துண்டு ஒடிந்தால் அந்தத் துண்டே புதுச் செடி. நல்ல வெயிலும் உரத் தண்ணீரும் கிடைத்தால் சில நாட்களில் இரட்டிப்பாகும். தண்ணீரின் முகத்தை மெத்தை போல மூடிவிட, கீழே ஒளியும் இல்லை, காற்றும் இல்லை.

அதை அடக்கிய கதையையும் கேளுங்கள். இது என்ன செடி என்பதிலேயே விஞ்ஞானிகள் நெடுங்காலம் தவறினார்கள். வேறொரு சல்வீனியா என்று நினைத்து, அந்த வேறு செடியைத் தின்னும் வண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1972இல்தான் இது தனி இனம் என்று பெயரிடப்பட்டது. 1978இல் அதன் தாயகம் பிரேசிலின் தென்கிழக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அந்தச் செடியையே தின்று வாழும், இரண்டு மில்லிமீற்றர் அளவான ஒரு கூன்வண்டு கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் முதலில் விட்டார்கள். 1986இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். சில வருடங்களில் பச்சை மெத்தைகள் பழுப்பாகி அமிழ்ந்தன. அந்த வண்டும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான், தம்பி. ஆனால் அது வேறு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று முதலில் வருடக்கணக்கில் சோதித்த பிறகே விட்டார்கள். கால்வாய்க் கரையில் வாளியைக் கவிழ்க்கும்போது அந்தச் சோதனையை யார் செய்கிறார்கள்?

"இன்னும் ஒன்று" என்கிறீர்கள். இலங்கையின் சொந்த நன்னீர் மீன்களில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றில் சில, களனியிலும் அதற்குத் தெற்கே உள்ள ஒருசில ஆறுகளிலும் மட்டும் வாழ்கிற விரல் நீள மீன்கள். கத்தி மீனின் வாய்க்கு அளவான மீன்கள்.

முகத்துவாரத்தான்
சனி, பிற்பகல் 3.15

ரீச்சர் சொன்னதைப் படிக்கும்போது எங்கள் பக்கத்து ஆற்றுவாழை ஞாபகம் வந்தது. மழை பெய்து களனி கங்கை பெருகும் நாளில் வந்து பாருங்கள். ஊதாப் பூவோடு தீவு தீவாக மிதந்து வரும். சில தீவுகளின் மேல் கொக்கு நின்றபடியே பயணம் செய்யும். வள்ளம் கட்டும் இடத்தில் அது வந்து இறுகினால் துடுப்பு இறங்காது. போன மழைக்கு நாங்கள் எட்டுப் பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தோம். ஒரு செடியைத் தூக்கினால் அதன் வேரில் இன்னும் நான்கு குட்டிச் செடிகள் தொங்குகின்றன. காம்பு வீங்கிய பஞ்சு போல இருக்கும். நசுக்கினால் காற்று வெளியேறும். ஒரு வாரத்தில் அகற்றிய இடம் திரும்பவும் பச்சை.

சிங்களத்தில் ஜப்பான் ஜபர என்பார்கள். யுத்தக் காலத்தில் ஜப்பான் விமானம் பச்சைத் தரை என்று ஏமாந்து சதுப்பில் இறங்கட்டும் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்து போட்டதாக எங்கள் அப்பா சொல்வார்.

விலங்கியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை
சனி, பிற்பகல் 3.50

அந்தக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு, தம்பி. ஆனால் காலம் பொருந்தாது. ஆற்றுவாழையை ஒழிப்பதற்கென்றே இலங்கையில் 1909இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஜப்பான் விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தது 1942இல். அழகான பூ என்று நம்பித்தான் தென்னமெரிக்காவிலிருந்து உலகெங்கும் அதைக் கொண்டுபோனார்கள். எதிரியை ஏமாற்றக் கொண்டுவந்தார்கள் என்று நினைப்பது நமக்கு ஆறுதலாக இருக்கிறது போலும்.

சதுப்புக் காவலன்
சனி, மாலை 5.30

வார இறுதியில் ஈரநிலங்களில் தொண்டு வேலை செய்கிறவன் நான். கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது பலருக்குத் தெரியாது. தலவத்துகொடைப் பக்கம் போனால் பளபளக்கும் இலையோடு ஒரே மரமாக நிற்கும். சிங்களத்தில் வெல் ஆத்தா. நம் அன்னமுன்னாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பழமும் பார்வைக்கு அப்படியே. அன்னமுன்னா ஒட்டுவதற்கு அடிக்கட்டையாகப் பயன்படும் மரம் இது. கரீபியன் பக்கத்தது. பழமும் விதையும் தண்ணீரில் மிதக்கும். வெள்ளம் போகிற இடமெல்லாம் முளைக்கும். ஒரு காலத்தில் கோரையும் புல்லும் திறந்த தண்ணீருமாக இருந்த இடம் இப்போது இருண்ட தோப்பு. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிறது. அதன் கீழே சேற்றில் நாற்று நாற்றாக நிற்பவற்றை நான் ஒரு காலையில் அறுநூறு வரை பிடுங்கியிருக்கிறேன். கை தோல் உரிந்து போகும். இந்த வந்தேறிகளை ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கி எறிய வேண்டும்.

தோட்டத்து மகள்
சனி, இரவு 8.45

சதுப்புக் காவலன் அண்ணா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். உங்களோடு வந்து நாற்றுப் பிடுங்கவும் தயார். ஒரு சொல்லை மட்டும் இங்கே விட்டுவிடும்படி கேட்கிறேன்.

நான் பொகவந்தலாவையில் பிறந்து பம்பலப்பிட்டியில் வேலை செய்கிறவள். என் அம்மம்மாவின் பெற்றோர் தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1948இல் குடியுரிமை இல்லை என்றார்கள். 1964இல் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டன. அம்மம்மாவின் தங்கை அதில் போனவர். கடைசிவரை இருவரும் மறுபடி சந்திக்கவில்லை. "வந்தேறி", "வேரோடு பிடுங்க வேண்டும்" என்ற சொற்களை என் அம்மா காதால் கேட்டிருக்கிறார். ஒரு மரத்தைப் பற்றித்தான் எழுதினீர்கள் என்று தெரியும். படித்தபோது வயிறு கலங்கியது அதனால்தான்.

மனிதர் இடம் மாறுவதும் ஒரு மீன் இனம் ஓர் ஆற்றைத் தின்று வெறுமையாக்குவதும் ஒன்றல்ல. ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்தால் நாளைக்கு யாராவது இந்த மரத்தைக் காட்டி மனிதரைப் பேசுவார்கள்.

சதுப்புக் காவலன்
சனி, இரவு 9.10

தங்கச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள். யோசிக்காமல் எழுதிவிட்டேன். இனி ஆக்கிரமிப்பு மரம் என்றே எழுதுவேன். மரமும் தானாக வரவில்லை, கொண்டுவந்து நட்டார்கள். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு வேலை தொடங்குகிறோம். நீண்ட கைச்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாருங்கள்.

காக்கைதீவுக்காரி
ஞாயிறு, காலை 6.50

தோட்டத்து மகள் எழுதியதைப் படித்துவிட்டு நித்திரை வரவில்லை. நம் ஊரிலிருந்து வெளியே போனதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் மட்டக்குளி. மாலையானால் எங்கள் வானம் காகத்தால் கறுத்துப்போகும். அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிற அதே காகத்தை 1890களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள். கோப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று. கோப்பி போய்விட்டது, காகம் நின்றுவிட்டது. நகரம் நகரமாகப் பெருகி, மற்றப் பறவைகளின் கூட்டில் முட்டையும் குஞ்சும் தின்று, இன்று அங்கே அது ஒழிக்கப்பட வேண்டிய பறவை. எங்கள் அப்பப்பாவின் சித்தப்பா ரெயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா போனதும் ஏறக்குறைய அதே வருடங்களில்தான். கிள்ளானில் இருக்கிற உறவினர் காகத்தைத் துரத்தும்போது "உங்கள் ஊர்க் காகம்" என்பார்கள். இங்கே முன்னோர், அங்கே தொல்லை. பறவை ஒன்றுதான்.

வவுனியாவிலிருந்து வந்தவன்
ஞாயிறு, காலை 8.30

காகமும் மீனும் கண்ணுக்குத் தெரியும். பார்த்தீனியம் என்ற களையோ பூச்செடியைப் போல வெள்ளையாகச் சிரிக்கும். இலங்கையில் அது முதலில் பதிவானது எங்கள் வவுனியாவில், 1999இல். இந்திய அமைதிப்படைக் காலத்தில் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். மணல் ஏற்றிய லொறியின் ரயர் போதும், அடுத்த ஊருக்குப் போய்விடும். பத்து வயதில் வெறும் கையால் பிடுங்கி, முழங்கை வரை கொப்புளம் போட்டு இரண்டு வாரம் கிடந்தேன். இப்போதும் வெயில் பட்டால் அந்த இடம் அரிக்கிறது. கொழும்பில் மணல் குவித்திருக்கும் கட்டட வேலைத்தளங்களில் கரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவும் கண்டால், பூக்கும் முன் கையுறையோடு பிடுங்குங்கள்.

வெள்ளவத்தை அம்மா
ஞாயிறு, மாலை 4.00

எல்லாப் பதில்களையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கால்வாய் என்ற பேச்சு இனி இல்லை. வாளியும் உள்ளே போய்விட்டது. இப்போது என்ன செய்வது? நுகேகொடையில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் சீமெந்துத் தொட்டி இருக்கிறது, அங்கே விடலாம் என்கிறார்.

விலங்கியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை
ஞாயிறு, மாலை 4.40

திறந்த தொட்டியா? மழை வெள்ளத்தில் முற்றம் நிரம்பினால் அடுத்த நிமிடம் அது கானுக்குள், பிறகு கால்வாயில். வீட்டுக்குள் மூடியோடு பெரிய தொட்டி வைத்திருப்பவர் கிடைத்தால் மட்டும் கொடுங்கள் பிள்ளை.

கிடைக்காவிட்டால், வலியில்லாமல் முடிக்க வழி இருக்கிறது. கராம்பு எண்ணெயைச் சிறிது வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் தண்ணீரில் மெதுவாகச் சேர்த்தால் முதலில் மயங்கும். மயங்கிய பிறகு இன்னும் அதிகமாகச் சேர்க்க வேண்டும். செவுள் அசைவு நின்று நீண்ட நேரம் காத்திருங்கள், அவசரப்படக் கூடாது. அந்த மீனைச் சாப்பிடக் கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரையும் செடியையும் கானுக்குள் ஊற்றாதீர்கள்.

எழுதும்போது எனக்கே கை கனக்கிறது. மாமியிடம் சொல்லுங்கள்: கால்வாயில் விட்டால் அது தினமும் எத்தனை உயிரைத் தின்னும் என்று பொல்கொடைத் தம்பி அறுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளவத்தை அம்மா
அடுத்த சனி, இரவு 9.30

ஒரு வாரம் தேடினோம். மூடிய பெரிய தொட்டி உள்ளவர்கள் இருவர் கிடைத்தார்கள். இருவரிடமும் ஏற்கெனவே கத்தி மீன் இருந்தது, அடித்துக்கொள்ளும் என்று மறுத்தார்கள்.

நேற்று இரவு செய்தோம். மகன் பக்கத்தில் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஒன்பது வயது, தடுக்கவில்லை. குசினி முழுவதும் கராம்பு வாசம். மீன் இரண்டு முறை மேலே வந்து காற்றுக் குடித்தது. பிறகு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது. மகன் கடைசியாக ஒருமுறை பொட்டுகளை எண்ணினான். ஆசிரியை சொன்னபடி ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். மாமி அதுவரை சாமியறையை விட்டு வரவில்லை. பிறகு தானே வந்து, தன் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்துத் தந்தார். இன்று காலை தெஹிவளையில் அவருடைய தங்கை வீட்டு முருங்கைக்கு அடியில் புதைத்தோம்.

தொட்டித் தண்ணீரை அதே முருங்கைக்கு ஊற்றினோம். நீர்ச்செடிகளை மொட்டை மாடியில் தாளில் பரப்பி வெயிலில் போட்டிருக்கிறோம். மேலே இருப்பவை சுருங்கிவிட்டன. அடியில் இருப்பவை இன்னும் ஈரம். மகன் ஒரு குச்சியால் அவற்றைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். நாளைக்கும் வெயில் வேண்டும்.